குருமார் காலத்துச் சீக்கியர் ஆயுதப் பயிற்சியை எங்கே, யாரிடம் பெற்றார்கள்?

கேள்வி: தேடலன்

அனைவருக்கும் வணக்கம். சீக்கிய வரலாற்றைத் தமிழில் சுருக்கி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே மூச்சில் சொல்லிவிடும் செய்தி ஒன்று உண்டு. 1606-இல் ஐந்தாம் குருவாகிய அர்ஜன் லாகூரில் ஜஹாங்கீரின் ஆணையால் கொல்லப்பட்டார். அவருடைய மகன் ஹர்கோவிந்த் இரண்டு வாள்களை அணிந்து குருபீடம் ஏறினார். அன்றுமுதல் சீக்கியர் போர்வீரர் ஆனார்கள். இந்த மூன்று வாக்கியங்களுக்கும் நடுவில் எவ்வளவோ விடுபட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உழவரும் கடைக்காரரும் கைவினைஞரும் நிறைந்திருந்த ஓர் இறைநெறிக் கூட்டம், ஒரு குரு வாளை அணிந்தார் என்பதாலேயே வாள் வீசக் கற்றுவிடாது. அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எங்கே பழகினார்கள்? இன்று சீக்கியத் திருவிழாக்களிலும் ஊர்வலங்களிலும் நாம் காணும் கட்கா என்னும் கோல்சண்டை அந்தப் பயிற்சியின் தொடர்ச்சிதானா?

அந்தக் காலத்தவரே எழுதிவைத்த சான்றுகள் இருந்தால் அவற்றை முதலில் சொல்லுங்கள். பின்னால் எழுந்த மரபுக் கதைகளையும் கேட்க விருப்பமே. ஆனால் அவை மரபுக் கதைகள் என்பதைக் குறிப்பிட்டுச் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: ஏட்டுக்கட்டு

1606-இலிருந்து தொடங்காதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். இரண்டாம் குருவான அங்கத் கடூர் என்னும் ஊரில் வாழ்ந்தபோது, காலை வழிபாடு முடிந்தபின் இளைஞர்களையும் சிறுவர்களையும் மற்போர் பழகச் செய்து, தாமே அமர்ந்து பார்த்தார் என்பது மரபு. அந்த இடத்தில் இன்று மல் அகாரா (மற்களம்) என்ற பெயரிலேயே ஒரு குருத்துவாரா இருக்கிறது. அங்கத் மறைந்தது 1552-இல். ஆகவே இந்த மரபை ஏற்றால், வாள் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே மற்களம் வந்துவிட்டது.

மரபுக் கதை மட்டும் போதாது என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இதற்கு உறுதியான துணைச்சான்று சீக்கியரின் புனித நூலான ஆதி கிரந்தத்திலேயே இருக்கிறது. குரு அர்ஜன் சிரீராகத்தில் பாடிய பதிகம் ஒன்றில், தம்மை இறைவனின் மல்லன் என்று சொல்லிக்கொள்கிறார். குருவைக் கண்டபின் தம் தலைப்பாகை உயர்ந்து நிற்பதாகவும், மற்போர் காணக் கூட்டம் கூடியிருக்க இறைவனே அமர்ந்து பார்ப்பதாகவும், முரசும் பேரிகையும் முழங்க மல்லர்கள் களத்தில் இறங்கிச் சுற்றி வருவதாகவும் பாடுகிறார். பிறகு, ஐந்து இளைஞர்களை வீழ்த்தியதும் குரு தம் முதுகில் தட்டிக்கொடுத்தார் என்கிறார். அந்த ஐவர் காமம், வெகுளி, ஆசை, பற்று, செருக்கு ஆகியவை என்பது வெளிப்படை. பொருள் ஆன்மிகமே. ஆனாலும் மல்லனின் தலைப்பாகையும், பிடிக்கு முன் களத்தைச் சுற்றும் நடையும், வென்றவனின் முதுகில் ஆசான் தட்டிக்கொடுப்பதும் கேட்பவர்களுக்கு நன்கு பழகியவையாக இல்லாவிட்டால், அமைதியே வடிவான அந்தக் குரு இப்படியொரு பாடலைத் தேர்ந்திருக்க மாட்டார். பஞ்சாபின் ஊர்தோறும் இருந்த அகாராவே சீக்கியரின் முதல் பயிற்சிக்கூடம் என்று நான் கருதுவது இதனால்தான்.

இனி ஹர்கோவிந்தைப் பற்றிச் சொல்கிறேன். தந்தை கொல்லப்பட்டபோது அவருக்கு ஏறக்குறையப் பதினொரு வயது. குதிரையேற்றமும் படைக்கலப் பயிற்சியும் அவருக்குப் பாபா புட்டா என்னும் முதியவரின் பொறுப்பில் கற்பிக்கப்பட்டன என்று மரபு கூறுகிறது. அமிர்தசரஸின் பொற்கோயிலாகிய ஹரிமந்திருக்கு எதிரே அகால் தக்த் என்னும் குருவின் அரியணை மேடை எழுந்தது. அதன் முன்னிருந்த திறந்தவெளியில் மற்போரும் ஆயுதப் பழக்கமும் நடந்தன. தொலைவிலிருந்த அடியார்கள் காணிக்கையாகக் குதிரையும் ஆயுதமும் கொண்டுவந்தால் மகிழ்வேன் என்று குரு தெரிவித்ததாகவும் மரபு நூல்கள் சொல்கின்றன.

சமகாலச் சான்று என்றால் பாரசீக மொழியில் எழுதப்பட்ட தபிஸ்தான் என்னும் சமயநெறி நூலே முதலிடம் பெறும். அதை எழுதியவர் சீக்கியர் அல்லர். ஹர்கோவிந்தை நேரில் அறிந்தவர். குருவின் இலாயத்தில் 700 குதிரைகள் இருந்தன என்றும், 300 குதிரைவீரர்களும் 60 துப்பாக்கி வீரர்களும் எப்போதும் அவருடன் இருந்தார்கள் என்றும் அவர் குறித்திருக்கிறார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் சொல்லும் ஒரு போர்க்கள நிகழ்ச்சி. எதிரி ஒருவன் வாளை ஓங்கிக் குருவின்மேல் பாய்கிறான். குரு அந்த வெட்டைத் தடுத்து, வாளை அப்படி வீசக்கூடாது, இப்படித்தான் வீசவேண்டும் என்று சொல்லி ஒரே வீச்சில் அவனை முடிக்கிறார். வெட்டும்போது குரு ஏன் அப்படிச் சொன்னார் என்று குருவின் தோழர் ஒருவர் நூலாசிரியரிடம் பின்னர் கேட்கிறார். அதற்கு அவர், குரு வெகுளியால் வெட்டவில்லை, அவர் ஆசிரியர் ஆதலால் அந்த வெட்டும் கற்பித்தலே என்று தாம் கருதுவதாக விடை சொல்கிறார். யார் கற்பித்தார்கள் என்ற உங்கள் கேள்விக்கு அந்தக் காலத்தவர் ஒருவரே தந்த விடையாக இதைக் கொள்ளலாம்.

மறுமொழி 2: வடபுலவாசி

மேலே நண்பர் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் மாற்றம் எதிர்ப்பே இல்லாமல் நடந்துவிட்டது என்ற எண்ணம் வாசகர்களுக்கு ஏற்படக்கூடாது. பாய் குர்தாஸ் அந்தக் காலத்தவர். ஆதி கிரந்தத்தின் முதற்படியைத் தம் கையால் எழுதியவர். ஹர்கோவிந்தின் நடவடிக்கைகளை அருகிலிருந்து பார்த்தவர். அவருடைய வார் என்னும் நெடும்பாடல் ஒன்றில் அன்றைய அடியார்களின் முறையீடு அப்படியே பதிவாகியிருக்கிறது. முன்பிருந்த குருமார் தருமசாலையில் அமர்ந்திருந்தார்கள், இவரோ ஓரிடத்தில் தங்குவதில்லை. முன்பு பேரரசர்கள் குருவின் வீட்டைத் தேடி வந்தார்கள், இவரைப் பேரரசர் கோட்டையில் சிறை வைத்தார். இவர் நாய்களை வளர்க்கிறார், வேட்டைக்குப் போகிறார். இவர் பாடல் இயற்றுவதுமில்லை, பாடக் கேட்பதுமில்லை. இவ்வளவையும் மறைக்காமல் எழுதிவிட்டு, உண்மையை மூடிவைக்க முடியாது என்று குருவின் பக்கமே நிற்கிறார் குர்தாஸ். அடுத்துவரும் பகுதியில், பயிரைச் சுற்றி முள்வேலியும் தோட்டத்தைச் சுற்றி வேலமரங்களும் இருப்பதை அவர் உவமையாகக் காட்டுகிறார். ஆயுதம் எதற்கு என்ற கேள்விக்கு அந்தத் தலைமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம் அந்த வேலிதான் என்று நான் நினைக்கிறேன். அதே குர்தாஸ் வேறோரிடத்தில் குருவைப் படைகளை முறிக்கும் சூரர் என்றும், பிறர்க்கு உதவும் பெருவீரர் என்றும் போற்றுகிறார்.

ஆய்வாளர்களிடையே உள்ள கருத்துவேறுபாடு ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். ஆயுதம் தரித்து நடமாடுவது ஜாட் உழவர்களிடம் முன்பே இருந்த வழக்கம். அவர்கள் பெருந்தொகையாகச் சீக்கிய நெறிக்குள் வந்ததால்தான் அந்தச் சமுதாயம் போர்க்குணம் பெற்றது என்று வரலாற்றாய்வாளர் மெக்லியோட் எழுதினார். சீக்கிய அறிஞர்கள் பலர் இதைக் கடுமையாக மறுத்தார்கள். என் கருத்து இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கவில்லை. மறுத்தவர்கள் பக்கமே நிற்கிறது. ஜாட்டுகளின் உடல்வலிமையும் துணிவும் படைக்குப் பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆனால் 1699-இல் ஆனந்த்பூரில் பத்தாம் குரு கோவிந்த் சிங்கால் கால்சா என்னும் சீக்கியர் அணி தோன்றியபோது முதலில் தலைகொடுக்க எழுந்ததாக மரபு போற்றும் ஐவரைப் பாருங்கள். ஒருவர் லாகூரைச் சேர்ந்த கத்ரி குலத்தவர். ஒருவர் அஸ்தினாபுரத்து ஜாட். மற்றவர்களில் ஒருவர் பூரியிலிருந்து வந்த தண்ணீர் சுமப்பவர், ஒருவர் துவாரகையிலிருந்து வந்த தையற்காரர், ஒருவர் பீதாரிலிருந்து வந்த நாவிதர். போர் என்பது சில குலங்களுக்கு மட்டும் உரிய தொழில் என்று கருதிய உலகத்தில், நாவிதர் கையிலும் தண்ணீர் சுமப்பவர் கையிலும் வாளைக் கொடுத்து, அவர்கள் எல்லோருக்கும் சிங் என்ற ஒரே பெயரையும் சூட்டியதை ஒரு குலத்தின் பழைய வழக்கத்தைக் கொண்டு விளக்கிவிட முடியாது. பயிற்சி தேவைப்பட்டதே அதனால்தான். பிறப்பினால் வீரர் என்று கருதப்பட்டவர்கள் மட்டும் படையில் இருந்திருந்தால், கோயிலின் முன்றிலில் எல்லோருக்கும் பொதுவான ஒரு களம் வேண்டியிருந்திருக்காது.

மறுமொழி 3: இசைவழி

பயிற்சி என்றதும் உடற்பயிற்சியை மட்டுமே எண்ணுகிறோம். மனத்தைப் பழக்கியதைப் பற்றியும் எழுத விரும்புகிறேன். ஹர்கோவிந்த் அகால் தக்தின் முன்னே அப்துல்லா, நத்தா என்ற இரு டாடிப் பாணர்களை வீரக்கதைகள் பாடச் செய்தார் என்பது சீக்கியர் அனைவரும் அறிந்த மரபு. ஒருவர் சாரங்கி இழைக்க, மற்றவர் உள்ளங்கைக்குள் அடங்கும் டட் என்னும் சிறு உடுக்கையைத் தட்டிக்கொண்டு பாடுவார். இன்றும் பஞ்சாபில் டாடிக் குழுக்கள் நின்றுகொண்டுதான் பாடுகின்றன.

இந்த வீரக்கதை மரபு கிரந்தத்துக்குள்ளேயே நுழைந்திருக்கிறது. ஆதி கிரந்தத்தில் உள்ள 22 வார்களில் ஒன்பதுக்கு, அவற்றை எந்த நாட்டுப்புற வீரக்கதையின் மெட்டில் பாடவேண்டும் என்ற குறிப்பு தலைப்பிலேயே இருக்கிறது. அந்தக் குறிப்புகளைச் சேர்த்தவர் ஹர்கோவிந்தே என்று மரபு சொல்கிறது. விடியற்காலையில் குருத்துவாராக்களில் பாடப்படும் ஆசா தீ வார், கைவெட்டுண்ட அசராஜன் என்ற மன்னனின் வீரக்கதை மெட்டில் அமைந்தது. நானக்கின் சொற்களைப் போர்ப்பாட்டின் மெட்டில் நாள்தோறும் விடியலில் கேட்டு வளர்ந்த ஒருவனுக்கு, வழிபாட்டுக்கும் களத்துக்கும் இடையே நாம் இன்று காணும் பிளவு தெரிந்திருக்காது.

பத்தாம் குருவின் காலத்தில் இது இன்னும் விரிந்தது. அவர் பெயரால் வழங்கும் தசம் கிரந்தத்தில் உள்ள சஸ்திர நாம மாலை 1,300-க்கும் மேற்பட்ட பாடல்களில் வாள், சக்கரம், அம்பு, பாசக்கயிறு, துப்பாக்கி ஆகியவற்றின் பெயர்களை விடுகதை போலச் சுற்றிவளைத்துச் சொல்கிறது. தசம் கிரந்தத்தின் பகுதிகளை யார் இயற்றினார்கள் என்பதில் கருத்துவேறுபாடுகள் உண்டு. ஆயினும் ஆயுதங்களின் பெயர்களை இறைவனின் பெயர்களாகவே போற்றிய ஒரு பாசறையின் சூழல் அதில் துலக்கமாகத் தெரிகிறது. நாள்தோறும் ஓதப்படும் அர்தாஸ் என்னும் வேண்டுதல் பகவதியை நினைந்துதான் தொடங்குகிறது; அங்கே பகவதி என்பது வாளாக உருவகிக்கப்பட்ட இறையாற்றல்.

தேடலன் மீண்டும்

மூவருக்கும் என் நன்றி. போர்க்களத்தில் குரு கற்பித்த அந்த நிகழ்ச்சியை நான் இதுவரை எங்கும் படித்ததில்லை. இனி ஆனந்த்பூர்க் காலத்தையும், கட்காவைப் பற்றிய என் கேள்வியையும் யாரேனும் எடுத்துக்கொள்வீர்களா? இந்தப் பயிற்சி ஆண்களுக்கு மட்டும் உரியதாக இருந்ததா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 4: மேட்டுநிலம்

ஆனந்த்பூரைச் சொல்வதற்கு முன் 1688-இல் மலைநாட்டு அரசர்களோடு நடந்த பங்காணிப் போரைப் பார்த்துவிட வேண்டும். அந்த ஒரு போரிலேயே பயிற்சியின் தன்மை தெரிந்துவிடுகிறது. குரு கோவிந்த் சிங்குக்கு அப்போது வயது இருபத்தொன்று. சதௌராவின் சூஃபி ஞானி பீர் புத்து ஷாவின் பரிந்துரையால் படையில் சேர்ந்திருந்த பட்டாணியர், கூலிக்குப் போரிடும் தேர்ந்த வீரர்கள், போருக்கு முன் பெரும்பாலும் கைவிட்டுப் போய்விட்டார்கள். செய்தி கேட்ட புத்து ஷா தம் புதல்வர்களோடும் அடியவர்களோடும் வந்து குருவின் பக்கம் நின்று போரிட்டு, புதல்வர்களை அந்தக் களத்திலே இழந்தார் என்று மரபு சொல்கிறது. தசம் கிரந்தத்தில் உள்ள பசித்திர நாடகம் இந்தப் போரை விரிவாகப் பாடுகிறது. அதில் மகந்து கிர்பால் குட்கா என்ற கனத்த தடியைச் சுழற்றி, எதிரணியின் ஹயாத் கானின் தலையில் ஓங்கி அடிக்கிறார். தயாராம் என்பவர் துரோணரைப் போல் சினந்து போரிடுகிறார். முழுநேரப் படைவீரர்கள் விலகிப்போன களத்தில் ஒரு துறவியின் தடி வேலை செய்தது. ஆயுதப் பழக்கம் படையில் சேர்ந்தவர்களோடு நின்றுவிடாமல் குருவைச் சூழ்ந்திருந்த அனைவரிடமும் பரவியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

பங்காணிக்குப் பிறகு ஆனந்த்பூரைச் சுற்றிக் கோட்டைகள் எழுந்தன: ஆனந்த்கட், லோகட், கேஸ்கட், ஹோல்கட், பதேகட். ஹோலிப் பண்டிகைக்கு மறுநாள் ஹோலா மொகல்லா என்ற பெயரில் குரு ஒரு புதிய வழக்கத்தைத் தொடங்கினார். 1701-இல் தொடங்கியதாகப் பொதுவாகச் சொல்வார்கள். சீக்கியரை இரண்டு அணிகளாகப் பிரித்து, ஓர் அணி இடத்தைக் காக்க, மற்றோர் அணி தாக்கிக் கைப்பற்ற வேண்டும். வண்ணப்பொடி தூவும் நாளுக்கு அடுத்த நாள், கோட்டையைப் பிடிக்கும் ஒத்திகை நடந்தது. இன்றும் அதே நாளில் நிகாங்குகள் என்னும் சீக்கியப் போர்மரபினர் ஆனந்த்பூரில் கூடி, பாயும் இரண்டு குதிரைகளின்மேல் இரு கால்களையும் ஊன்றி நின்று ஓட்டுவதையும், பாய்ச்சலில் ஈட்டியால் முளையைக் குத்தி எடுப்பதையும் காணலாம்.

பயிற்சியின் உண்மையான சோதனை பதினெட்டாம் நூற்றாண்டில் வந்தது. 1716-இல் சீக்கியரின் போர்த்தலைவர் பந்தா சிங் பகதூர் தில்லியில் கொல்லப்பட்டபின், சீக்கியருக்குக் கோட்டையும் இல்லை, ஊரும் இல்லை. காடுகளிலும் வறண்ட மேட்டு நிலங்களிலும் ஜத்தாக்கள் என்னும் சிறு சிறு குழுக்களாக வாழ்ந்தார்கள். 1734-இல் முதியவர்களின் புட்டா தளம், இளையவர்களின் தருணா தளம் என இரண்டு பிரிவுகள் அமைந்தன. 1748-இல் தல் கால்சா என்னும் ஒன்றிணைந்த படை உருவாயிற்று. அந்தப் படை நின்று போரிடும் படை அன்று. குதிரையிலேயே பாய்ந்து தாக்கும். எதிரி அணிவகுத்துக்கொள்வதற்குள் பின்வாங்கும். துரத்தி வருபவன் சிதறியதும் சட்டெனத் திரும்பி மீண்டும் தாக்கும். இதை டாய் பட் என்பார்கள். நன்கு பழகாத படையால் பின்வாங்கும்போது ஒழுங்கு குலையாமல் இருக்க முடியாது. குதிரையைத் திருப்புவதும், ஓடும் குதிரையிலேயே துப்பாக்கிக்கு மருந்திடுவதும் பல ஆண்டுப் பழக்கத்தால் மட்டுமே கைவருபவை.

இதற்குச் சான்று தருபவர் ஒரு பகைவரே. 1764-65-இல் ஆப்கானிய அரசர் அகமது ஷா அப்தாலியின் படையோடு வந்த காஜி நூர் முகமது, சீக்கியரை நாய்கள் என்று இகழ்ந்தே எழுதத் தொடங்குகிறார். பிறகு அவராலேயே பொறுக்க முடியாமல், அவர்களை நாய்கள் என்று அழைக்காதீர்கள், அவர்கள் சிங்கங்கள் என்று எழுதுகிறார். போர்க்கலையைக் கற்க விரும்பினால் களத்தில் அவர்களுக்கு எதிரே நில்லுங்கள் என்றும், அவர்கள் பின்வாங்கினால் ஓடுகிறார்கள் என்று நம்பி ஏமாறாதீர்கள் என்றும் எச்சரிக்கிறார். கோழையைக் கொல்வதில்லை, ஓடுபவனைத் துரத்தி வெட்டுவதில்லை, பெண்களின் நகையில் கைவைப்பதில்லை என்று அவர்களுடைய ஒழுக்கத்தையும் பதிவுசெய்கிறார். 1764 டிசம்பரில் அமிர்தசரஸ் ஹரிமந்திரைக் காத்து நின்றவர்கள் முப்பதே பேர் என்றும், அவர்களிடம் அச்சத்தின் சுவடே இல்லை என்றும் நேரில் கண்டு எழுதியவரும் அவரே. ஒரு படையின் பயிற்சிக்குப் பகைவர் தரும் சான்றிதழுக்கு மேல் வேறென்ன வேண்டும்?

இனி கட்காவைப் பற்றி. கட்கா என்பது கோலையும், பரீ என்னும் சிறு தோல்கேடயத்தையும் ஏந்திப் பழகும் முறை. பயில்பவர் முதலில் ஆயுதங்களை வணங்கிவிட்டு எடுப்பார். பைந்தரா எனப்படும் காலடி முறையே அதன் அடிப்படை. காலடி பழகாமல் கையில் கோல் தரமாட்டார்கள். வாளுக்கு முன்னோடியாகக் கோலில் பழகுவது எல்லாப் போர்மரபுகளிலும் உண்டு. ஆகவே கட்காவுக்குப் பழமை உண்டு என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் இன்று காணும் கட்காதான் ஆனந்த்பூரில் நடந்த பயிற்சி முழுவதும் என்று சொல்வது பொருந்தாது. ஆனந்த்பூரில் குதிரை இருந்தது, வில் இருந்தது, துப்பாக்கி இருந்தது, ஈட்டி இருந்தது. 1849-இல் ஆங்கிலேயர் பஞ்சாபைக் கைப்பற்றி மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தபின், கோல் மட்டுமே எளிதில் எஞ்சியது. பிறகு படைப்பிரிவுகளிலும் கல்லூரிகளிலும் விதிமுறைகளோடு கூடிய விளையாட்டாக அது வளர்ந்து, 2023-இல் கோவாவில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளில் இடம்பெற்றது. தொட்டால் புள்ளி என்ற போட்டி முறையும், நிகாங் தளங்களில் ஆசானிடம் கற்கும் சஸ்திர வித்யா என்னும் படைக்கலக் கல்வியும் ஒரே மரத்தின் இரு கிளைகள் என்றாலும், ஒன்றைக் காட்டி மற்றொன்று இதுதான் என்று சொல்லிவிடக் கூடாது.

மறுமொழி 5: ஏட்டுக்கட்டு

பெண்களைப் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். ஆனந்த்பூர் முற்றுகையின்போது குருவை விட்டு நீங்கிச் சென்ற நாற்பது சீக்கியரைக் கடிந்து, ஆணுடையில் ஆயுதம் ஏந்தி, 1705-இல் முக்த்சரில் அவர்களை முன்னின்று போருக்கு நடத்தியவர் மாயி பாகோ. நாற்பதின்மரும் அங்கே மாண்டார்கள். சீக்கியர் தம் அர்தாஸில் அவர்களை இன்றும் நினைக்கிறார்கள். காயத்தோடு பிழைத்த பாகோ குருவின் மெய்காப்பாளர்களில் ஒருவராக நாந்தேடுவரை உடன் சென்றார் என்று மரபு கூறுகிறது. அவர் சிறுமியாக இருந்தபோதே தந்தையிடம் குதிரையேற்றமும் படைக்கலமும் கற்றவர் என்பதும் அதே மரபுதான். வீட்டிலேயே தந்தை மகளுக்குக் கற்பித்தார் என்று அந்தச் சமுதாயம் இயல்பாகச் சொல்லிவந்திருப்பதை நான் சிறிய செய்தியாக எண்ணவில்லை.

ஆவணங்களில் ஐயமின்றி நிற்பவர் வேண்டுமென்றால், கன்னையா மிஸ்லின் சதா கௌரைப் படியுங்கள். (மிஸ்ல் என்பது அக்காலச் சீக்கியப் படைக்கூட்டம்.) 1785-இல் கணவர் குர்பக்ஷ் சிங் போரில் இறந்தபின் மிஸ்லின் தலைமை படிப்படியாக அவர் கைக்கு வந்தது. 1799-இல் ரஞ்சித் சிங் லாகூருக்குள் நுழைந்தபோது, அவருடைய மாமியாராகிய சதா கௌர் தம் படையைத் தாமே நடத்திக்கொண்டு உடன் சென்றார்.